முதல் லோடு

சிங்கப்பெருமாள் கோயில் வாசலில் என் கார் நின்றுவிடுகிறது. அதற்கு வயது முப்பத்தொன்று; நான்கு கதவுகளில் இரண்டுதான் திறக்கும். மாமல்லபுரத்தில் பேரனின் முகூர்த்தத்துக்கு இன்னும் தொண்ணூறு நிமிடம். தாலி என் சட்டைப்பையில். நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

எதிரே, பூஜை முடிந்து நான்கு எலுமிச்சம்பழங்களையும் நசுக்கிய புத்தம்புது பிக்கப் வண்டி. அதுவும் அந்தப் பக்கம்தான் போகிறது. கயிறு கட்டி இழுத்துப் போகும்படி டிரைவரிடம் கெஞ்சுகிறேன்.

"இன்னா பெர்சு, மொத லோடே உன் ஓட்ட காரா? என் வண்டி வெளங்குமா?"

"இரண்டாவது லோடுன்னா இழுப்பியாப்பா?"

யோசிக்கிறார். "அது வேற விசயம்."

ஓடிப்போய் மங்கலமாக ஒரு படி உப்பு வாங்கி பிக்கப்பில் ஏற்றுகிறேன். டிரைவர் பன்னிரண்டு அடி ஓட்டி நிறுத்தி, இறங்கி வந்து, உப்பைப் பயபக்தியோடு என் கையிலேயே கொடுக்கிறார்.

"மொத லோடு எறக்கியாச்சு. இன்னா பாத்துகினு கீற? கயித்தக் கட்டு!"