நீலச் சீட்டு ஜெயித்த மேயர் தேர்தல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் மன்னிக்க வேண்டும். எங்கள் ஹோட்டலில் காய்கறி நறுக்கும் மேரி அக்கா விடாமல் சொன்னதால் எழுதுகிறேன்.

மே 9, செவ்வாய், கடைக்கு விடுமுறை. காலை ஒன்பதரைக்கு எங்கள் ஹோட்டல் இருக்கும் ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து வேன் கிளம்பியது. முதலாளி அண்ணாச்சியே ஓட்டினார். சமையல்கட்டு ஆட்கள் எட்டுப் பேர் பின்னால். வடக்கே முப்பது மைல், பேட்டர்சன். சுங்கச்சாவடிக்குச் சாவடி முப்பத்தைந்து சென்ட்.

பத்தரைக்கு அருவி பார்த்தோம். சுற்றிலும் செங்கல் மில்கள். அந்தக் காலத்தில் பட்டு நெய்த ஊராம். பதினொன்றரைக்கு ஒரு பழைய மண்டபம், தலைக்கு மூன்று டாலர். போன நூற்றாண்டு மேயர் தேர்தலை, வருகிறவர்களை வைத்தே நடத்திக் காட்டுகிறார்கள். நீளப் பாவாடை கட்டிய வெள்ளைக்கார அம்மாள் விளக்கியதை மேரி அக்கா தமிழில் சொன்னார். அன்று ரகசிய ஓட்டு கிடையாது. கட்சிக்கு ஒரு நிறச் சீட்டு. அதை உயர்த்திக் காட்டிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். மில் முதலாளி வாசலில் நின்று பார்ப்பாராம்.

"பொம்பளைக்கு அப்ப ஓட்டே கிடையாதாம். இன்னைக்கு மட்டும் உண்டாம்" என்றார் அக்கா.

மேயருக்கு அண்ணாச்சி நின்றார், மஞ்சள் சீட்டு. எதிர்த்து நிற்க ஆளில்லை. கடைசியில் மேரி அக்காவே நீலத்தை எடுத்தார். அம்மாள் அக்காவிடம் வாக்குறுதி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலைல பூசைக்குப் போக லீவு. பன்னெண்டு மணிக்கு டியூட்டி."

மூன்று வருடமாக நாங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை கண்டதில்லை. அன்றுதான் கடையில் கூட்டம்.

அண்ணாச்சி சிரித்தார். "மேரி, நீ ஜெயிச்சா நெசமாவே தாரேன். ஜெயிச்சிருவியாக்கும்!"

அண்ணாச்சியோடு சேர்த்து எட்டுப் பேர் போட்டதும் நான்குக்கு நான்கு. கடைசி ஆள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன். ஊர்ப் பழக்கத்தில் சீட்டை மடித்து உள்ளங்கையில் மறைத்தேன். அம்மாள் கூடாது என்று தலையசைத்தார். வாசலில் அண்ணாச்சி கைகட்டி நின்றார். என் கிரீன் கார்டு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

"ஏலே சூசை, என்ன கலர்லே அது? மறைக்காம காட்டு."

மடிப்பைப் பிரித்தேன். தலைக்கு மேல் உயர்த்தினேன். நீலம்! சமையல்கட்டே கத்தியது. மேரி அக்கா மேயர்!

பெட்டியில் போட்டுவிட்டு இடது ஆள்காட்டி விரலை நீட்டியபடி நின்றேன். அம்மாளுக்குப் புரியவில்லை. மேரி அக்கா சொன்னதும், சிரித்து, பேனாவை மைக்கூட்டில் தொட்டு நகத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

திரும்பும்போதும் அண்ணாச்சிதான் ஓட்டினார். சுங்கச்சாவடியில் சில்லறை போட்டுக்கொண்டே கேட்டார்.

"மேயரம்மா, பூசை எத்தனை மணிக்கு?"

"ஒம்பதுக்கு, அண்ணாச்சி."

"வேனை எடுத்துட்டுப் போங்க. பன்னெண்டுக்கு ஒரு நிமிஷம் லேட்டானா மறு எலெக்‌ஷன்தான். சூசை, அந்த விரலைக் கழுவிட்டு மாவுல கை வைலே."

மை அந்த வாரமே போய்விட்டது. ஊரில் எத்தனையோ தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் போட்ட ஆள் ஜெயித்ததில்லை. இன்று ஐந்தாவது ஞாயிறு. பூசை முடிந்து கோயில் பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். மணி பத்தேகால். இன்னும் நேரமிருக்கிறது.

ஜூன் 11, 1995.