செக்கிங்ல மாட்டின கூழாங்கல்

இன்னிக்கு மலைமேல இருக்குற கரியாலூர்லேர்ந்து பஸ்ல கீழ வந்துக்கினு இருந்தேன். மடியில ஒரு பை நிறைய கல்லு.

ஓடையில எந்தெந்த அளவுல கல்லு கிடக்குதுன்னு பாக்குறதுதான் என் ஆராய்ச்சி. பக்கத்துல ஸ்கேல வெச்சு போட்டோ எடுக்கணும். அப்புறம் அதே இடத்துக் கல்ல அள்ளிக்கினு போய் அளந்து, போட்டோவுல வர்ற கணக்கு சரியான்னு பாக்கணும்.

கீழ இப்ப நடக்குற இடஒதுக்கீட்டுப் போராட்டத்துல பஸ் மேல கல்லு விழுதுன்னு தெரியும். என் மடியில இருக்குறதும் கல்லுதான்னு அடிவாரத்துல போலீஸ் பஸ்ஸ நிறுத்தினப்பதான் உறைச்சுது.

"பையில இன்னாம்மா?"

தொறந்து காட்டினேன். பட்டாணி அளவு ஒரு கவர்ல, எலுமிச்சம்பழ அளவு ஒரு கவர்ல, கைக்கு அடங்குறது தனியா.

"சைஸ் வாரியா வேற பிரிச்சு வெச்சிருக்கியா?"

பக்கத்துல உக்காந்திருந்த அக்கா எழுந்து பின்சீட்டுக்குப் போயிட்டாங்க.

ஓடையில எடுத்த போட்டோவ தொறந்து போனை நீட்டினேன். போலீஸ்காரர் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. "ஒரு மனுஷன் மூஞ்சிகூட இல்ல, எல்லாம் கல்லு!"

காலேஜ் ஐடி கார்ட பாத்து நம்பிட்டாரு. ஆனா பெரிய கல்லையெல்லாம் ஜீப்புல போட்டுக்கினு, "பொடிய நீ எடுத்துக்கோ"ன்னாரு. என் நம்பரையும் எழுதிக்கினாரு. அப்பலேர்ந்து தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்குறதே இல்ல.

போட்டோவுல இருக்குற பெரிய கல்லு பையில ஏன் இல்லன்னு கைடு கேப்பாரு. வெள்ளம் அடிச்சுக்கினு போச்சுன்னு எழுதவா, போலீஸ் புடிச்சுக்கினு போச்சுன்னு எழுதவா?