டேப் சுற்றிய பொத்தான்

இடது கையில் பொத்தானை அழுத்தக்கூட வலு இல்லாமல் போனதும், ஃபேக்டரியில் தகடு அழுத்தும் மெஷினை ஓட்டும் பிரஸ்காரர் டாக்டர் சீட்டோடு போய் பேக்கிங் வேலை கேட்டார்.

“உக்காந்து வேலை பாக்க இதென்ன மாமனார் வீடாண்ணே?” என்று ஃபோர்மேன் சிரித்தான். பிறகு பிரஸ்ஸின் இடது பொத்தானை அமுக்கி, அதன்மேல் டேப்பை இறுக்கிச் சுற்றினான். “இனிமே ஒத்தக் கை போதும். சலுகை குடுத்தாச்சு, போங்க.”

இரண்டு கைகளும் வெளியே இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்த வைப்பது அதற்குத்தான். மெஷின் படிப்பு படித்த மகள் வீட்டில் கத்தினாள். “அப்பா, அது கையத் தின்னுரும்!”

“மெஷின்ல நிக்கலன்னா அவன் வேலையத் தின்னுருவானேம்மா.”

நான்காம் நாள் தகடு கோணிக்கொண்டது. இடது கை அதை நேராக்கப் போனது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வலது கை பொத்தானை அழுத்தியது. எலும்பு நொறுங்கிய சத்தம் பக்கத்து பிரஸ் வரை கேட்டது.

ஃபோர்மேன் ஓடிவந்தான், அவரிடம் அல்ல, பொத்தானிடம். டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினான். தரையில் சரிந்து கிடந்தவர் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தார். அலறி விழுந்தவனுக்கு அடுத்த அடி பல்லில் இறங்கியது.

“அதத் தொட்டே, மண்டையப் பொளந்துருவேன். என் மக வந்து பாக்கட்டும்.”

யாரையும் கிட்டே விடவில்லை. காயத்தை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய வலது கை, ரத்தம் வடிந்து அவர் உயிர் அடங்கும்வரை ஸ்பேனரையே பிடித்திருந்தது.

மகள் வந்தபோது டேப் அப்படியே இருந்தது. நான்கு சுற்று. அதைப் படம் எடுத்த பிறகுதான் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.