சந்தின் நடு அளவு

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் வருகை எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘சந்தேகம்’தான். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அடுப்பை அணைத்தோமா என்று பேருந்தில் ஏறிய பிறகு யோசிப்பாள். பரீட்சையில் சரியாக எழுதிய விடையைக் கடைசி நேரத்தில் அடித்துத் தப்பாக எழுதுவாள். இந்த லட்சணத்தில் அவள் சேர்ந்தது கட்டடக்கலைப் படிப்பு. “நீ கட்டுற வீட்டுல நீயே குடியிருக்க மாட்ட” என்று அக்கா கேலி செய்தாள்.

அக்கா அவளைவிடப் பத்து வயது மூத்தவள். பேச்சில் கத்தரிக்கோல். கல்யாணம் முறிந்து வீடு திரும்பியவள், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் எழுந்து வேலை தேடிக்கொண்டவள். அந்த வேலையும் பிடிக்காமல், இரண்டு வருஷத்துக்கு முன்பு தானே ஒரு குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அது வந்த பிறகுதான் அக்கா பழையபடி சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

காப்பகம் இருந்தது பழைய தபாலாபீஸில். தபால்காரர்கள் வேறு இடத்துக்குப் போய் ஒரு தலைமுறை ஆகியும் பேட்டையில் அதற்கு அதுதான் பெயர். உயரமான கூரை, மரச் சட்டம் போட்ட ஜன்னல்கள், ஒரு ஆள் மேலே ஏறிப் படுக்கலாம் போலக் கனமான சுவர்கள். பக்கத்துச் சந்தைப் பார்த்த சுவரின் நடுவில், பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில், தபால் போடும் ஓட்டை இன்னும் இருந்தது. வெளியே துருப்பிடித்த இரும்பு வாய், உள்ளே ஒரு சின்ன மாடம். அதற்குள் துணியைத் திணித்து அடைத்து வைத்திருந்தாள் அக்கா. காற்று வருகிறதாம்.

முதல் வருஷத்தின் இரண்டாவது மாதமே பேராசிரியர் வேலையைக் கொடுத்துவிட்டார். அவரவர் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேராகச் சேர்ந்து அளந்து, வரைபடம் போட்டுக் கொண்டு வர வேண்டும். “கண்ணால பார்த்ததை வரையாதீங்க. கையால அளந்ததை வரையுங்க” என்றார். சந்தேகம் பழைய தபாலாபீஸைத் தேர்ந்தெடுத்தாள். தெரிந்த இடம், சாவி அக்கா கையில், பயமில்லை என்று நினைத்தாள். பாவம்.

அவளுக்கு ஜோடியாக வாய்த்தவளை வகுப்பே ‘விடுடி’ என்று கூப்பிட்டது. எதற்கும் அவள் சொல்லும் பதில் அதுதான். பென்சில் உடைந்தால் விடுடி, மதிப்பெண் குறைந்தால் விடுடி. கடவுள் இந்த இரண்டையும் ஒரே அளவு நாடாவின் இரண்டு முனையில் நிற்க வைத்தார்.

விடுமுறை நாளில் உள்ளே எல்லாம் அளந்து முடித்தார்கள். வாசல் நிலையை ஒட்டிச் சுவரின் கனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தபால் ஓட்டையிலும் ஒரு தடவை அளந்துவிடலாம் என்று துணியில் கை வைத்தபோது அக்கா எங்கிருந்தோ ஓடி வந்தாள்.

“அதை எடுக்காதடி. திரும்ப அடைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும்.”

“ஒரே நிமிஷம்க்கா.”

“வேண்டாம்னா வேண்டாம். சுவர் எல்லா இடத்துலயும் ஒரே சுவர்தானே?”

விடுடி உடனே தலையாட்டினாள். கனம் எல்லா இடத்திலும் ஒன்று என்றே எழுதினார்கள்.

சிக்கல் வெளியே இருந்தது. கட்டடத்துக்கும் அடுத்த வீட்டு மதிலுக்கும் நடுவே உள்ள சந்தை அளந்தால், முன் முனையிலும் பின் முனையிலும் ஒரே அகலம். நடுவில் மட்டும் நாலு விரற்கடை குறைவு. நாடா தொய்ந்துவிட்டது என்று இழுத்துப் பிடித்து அளந்தார்கள். அதே அளவு. இடம் மாறி நின்று அளந்தார்கள். அதே அளவு.

“சுவர் எப்படிடி நடுவுல மட்டும் குண்டாகும்? சாப்பிட்டுச்சா?” என்றாள் விடுடி.

“மதில் கோணலா இருக்குமோ?”

“இருக்கும். நடு அளவைத் தூக்கிப் போடு. ரெண்டு முனையும் ஒத்துப்போகுது, ஒரு நேர்கோட்டை இழுத்துட்டுப் போவோம். சீனியர்ஸ் எல்லாம் இப்படித்தான் பண்றாங்க. இல்லன்னா படம் சேராது.”

படம் சேர்வது என்பது முதல் வருஷக்காரர்களின் பெரிய கவலை. உள்ளே அளந்ததையும் சுவர் கனத்தையும் கூட்டினால் வெளியே அளந்தது வர வேண்டும். வராவிட்டால், எங்கோ தப்பாக அளந்திருக்கிறாய் என்று பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுப்பார். சந்தேகத்துக்கும் அந்தப் பயம்தான். தவிர, வாழ்நாள் முழுக்கத் தன் கணக்கு தப்பு என்றே கேட்டுப் பழகியவள் அவள். நடு அளவை அழித்தாள். சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தது.

பேராசிரியர் அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் மாட்டினார். பிறகு படம் வீட்டுக்கு வந்ததும் அக்கா அதைக் கண்ணாடி போட்டுக் காப்பகத்தின் வாசலில் மாட்டினாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

“பழைய கட்டடமாச்சே, தாங்குமா?” என்று புதிதாக வரும் அம்மாக்கள் கேட்பார்கள். அக்கா பெருமையோடு படத்தைக் காட்டுவாள். “என் தங்கச்சி போட்டது. ஒவ்வொரு மூலையா அளந்து பார்த்திருக்கா. அவ சந்தேகப்படாத விஷயம்னா கண்ணை மூடிட்டு நம்பலாம்.” அம்மாக்கள் சிரித்துக்கொண்டே குழந்தையை இறக்கி விடுவார்கள்.

ஒருநாள் இதைச் சந்தேகம் தன் காதால் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் சந்துதான் கண் முன்னே வந்தது. மதில்தான் கோணல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அப்படியென்றால் மதிலை மட்டும் தனியாகப் பார்த்துவிடலாமே என்று மனம் கேட்கும். பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்கவும் பயம். பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

கடைசியில் அடுத்த தெருவில் பூச்சு வேலை நடந்த வீட்டில் கெஞ்சி, ஒரு தூக்குக்குண்டைக் கடன் வாங்கினாள். கயிற்றின் நுனியில் கட்டிய இரும்புக் குண்டுதான் அது. தொங்க விட்டால் கயிறு செங்குத்தாக நிற்கும், சுவர் நேரா இல்லையா என்று சொல்லிவிடும். முதலில் மதிலுக்குப் பிடித்தாள். மதில் நேராக இருந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கயிற்றை இழுத்துக் கட்டிப் பார்த்தாள். அப்போதும் நேராகவே இருந்தது. பிறகு தபாலாபீஸ் மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து குண்டைச் சந்துக்குள் இறக்கிக் கட்டிவிட்டுக் கீழே வந்து பார்த்தாள். கயிறு மேலே சுவரை விட்டு விலகி வந்து, தபால் ஓட்டை உயரத்தில் சுவரின் மேல் படிந்து, கீழே மறுபடி விலகி நின்றது. சுவர் வயிறு தள்ளி நின்றது. பக்கத்தில் உடைந்து கிடந்த மழைநீர்க் குழாயிலிருந்து பாசி அந்த வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது.

சந்துக்குள் நின்றபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதிய நேரம். குழந்தைகள் எல்லாம் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அந்தச் சுவரை ஒட்டி. கூடத்திலேயே அந்த இடம்தான் குளுமை என்று அக்கா அங்கே பாய் போடுவாள். உடைந்த குழாயின் ஈரம்தான் அந்தக் குளுமை என்று சந்தேகத்துக்கு இப்போது தெரிந்தது.

“அக்கா, குழந்தைங்களை இந்தப் பக்கம் மாத்திப் படுக்க வை.”

“என்னடி உளர்ற? இப்பத்தான் தூங்குதுங்க.”

“சுவர் வெளியே தள்ளியிருக்கு. நான் போட்ட படம் பொய். நடு அளவை நான்தான் அழிச்சேன்.”

“ஆரம்பிச்சுட்டியா உன் சந்தேகத்தை? இத்தனை வருஷமா நிக்குற சுவர் இன்னைக்கு உனக்காக விழப்போகுதா?” அக்காவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது, குழந்தைகளுக்காக. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

 சந்தேகம் நேராக மாடத்துக்குப் போய்த் துணியைப் பிடித்து இழுத்தாள். ஒரு துண்டு வந்தது. அதன் பின்னால் ஒரு பாவாடைத் துணி. அதற்கும் பின்னால் குழந்தைகளின் பழைய போர்வை ஒன்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கைக்குட்டை. கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கனமான அந்தச் சுவர் ஒரே சுவராக இல்லை. உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சல்லியும் மண்ணும். வெளி முகம் மட்டும் தனியே பிரிந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் விழுந்த பிளவுக்குள், யாரோ ஒரு வாண்டு நாற்காலியில் ஏறித் துணியின் ஓரமாக நுழைத்த மெழுகுப் பென்சில்கள் கீழே கிடந்தன.

அவள் திரும்பினாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“இவ்வளவு துணி எதுக்குக்கா?”

அக்கா கைக்குட்டையை எடுத்து மடித்தாள்.

“போன மழைக்கு முன்னாடி இந்தக் கைக்குட்டை ஒண்ணே போதுமா இருந்துச்சு” என்றாள். “அப்புறம் பத்தல. போர்வையை வச்சேன், அதுவும் பத்தல.”

“உனக்குத் தெரியுமா?”

“என்னத்தைத் தெரியும்? காத்து வருதுன்னு அடைச்சேன். ஒவ்வொரு தடவையும் காத்துன்னுதான் நினைச்சுக்கிட்டேன்.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீ அளக்க வந்தப்ப அதனாலதான் துணியை எடுக்க விடல. அப்புறம் உன் படத்துல சுவர் நேரா இருந்துச்சு. எல்லாத்துக்கும் பயப்படுறவளே நேர்ன்னு போட்டுட்டா, அப்புறம் எனக்கென்னன்னு இருந்தேன். அன்னைக்குத்தான்டி நிம்மதியா தூங்கினேன்.”

இருவரும் சேர்ந்து, ஒரு குழந்தையும் விழிக்காமல், பாய்களை ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் இழுத்தார்கள்.

மறுநாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கூடவே வந்த விடுடி, “நான்தான் சார் அழிக்கச் சொன்னேன்” என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒன்றை விடவில்லை. பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தெரிந்த பொறியாளரை அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், ஓட்டைக்குள் பார்த்தார்.

“விழுமா சார்?” என்று அக்கா கேட்டாள்.

“பத்து வருஷம் நிக்கலாம். அடுத்த மழையிலயும் வரலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா குழந்தைங்களை வச்சுக்கிட்டுக் காத்திருக்க முடியாது.”

சந்தில் முட்டுக் கொடுத்தார்கள். காப்பகத்தை மூடினார்கள். பாதிக் குழந்தைகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. வாசலில் நின்று ஒரு அப்பா கத்திய கத்தலைத் தெருவே கேட்டது. அக்கா அதற்கு ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், எழுந்து போவாள். கத்தரிக்கோல் வாய்க்காரி வாயை மூடிக்கொண்டால் வீடு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள்.

சந்தேகம் தினமும் கல்லூரி போகும் வழியில் சந்தை எட்டிப் பார்த்தாள். சுவர் நின்றுகொண்டிருந்தது. மழை வந்தது, போனது. அப்போதும் நின்றது. நிற்க நிற்க அவளுக்குக் கலக்கம் கூடியது. ஒன்றும் ஆகாத சுவருக்காக அக்காவின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ? விழுந்து தொலைத்தாலாவது மனசு ஆறும் என்று ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காகவே தன் தலையில் குட்டிக்கொண்டாள்.

பருவம் முடியும் சமயத்தில் அக்கா வேறொரு இடம் பிடித்தாள். ஒரு வீட்டின் கீழ்த்தளம். தாழ்ந்த கூரை, அகலமான கூடம். குழந்தைகள் வருவதற்கு முந்தின நாள், ஒரு வார்த்தை சொல்லாமல் சந்தேகத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டிப் பெருக்கி, பாய்களை உதறி, பொம்மைகளை அடுக்கினார்கள்.  சந்தேகம் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பின்பக்கச் சுவரில், முன்பு ஏதோ குழாய் போன இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். கையில் பழைய துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். அதை ஓட்டை வரைக்கும் கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சந்தேகம் கையில் ஈரத்துணியோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா திரும்பவில்லை.

“ஏய் சந்தேகம்” என்றாள். “நாடாவை எடுத்துட்டு வா. இதை முதல்ல பார்த்துடு.”