வாசலிலேயே வெளுத்தவள்

என் நாத்தனாரைத் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோது அவள் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள், ஏதோ வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடியவளைப் போல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். என் வீட்டுக்காரர்தான், "நாளைக்கு அதுல மேட்ச் இருக்குடி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளும் நானும் வேலை பார்க்கிறோம். நான் மடிக்கிற பகுதி. அவள் அலசுகிற தொட்டிப் பக்கம். வெள்ளைத் துணிக்கு நீலம் கலந்து கலந்து விரல் நுனியெல்லாம் நீலம் ஏறிப்போனதால் கூடத்தில் அவளுக்கு நீலக்கை என்று பெயர். நான் சுருக்கமாக நீலம் என்பேன். வீட்டுப் பாலைப் பூனை குடித்துவிட்டால்கூட, "பாவம், பசிச்சிருக்கும் அண்ணி" என்பாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். நாத்தனார் கொடுமை என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் கொடுமை என்று ஒன்று நடக்கவேண்டுமானால் அதை நான்தான் செய்தாக வேண்டும்.

சலவைக்கூடத்தில் எந்நேரமும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால்தான் பேசுவோம். இரண்டு கையையும் விரித்துக் கீழே தாழ்த்தினால் 'நிறுத்து' என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு யாரும் ஏன், எதற்கு என்று யோசிக்க மாட்டோம். யாருடைய விரலாவது உருளையில் மாட்டியிருக்கலாம். கை தானாக நின்றுவிடும்.

வாயைத் திறந்து பேசுகிற நேரத்தில் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. வெளுப்பது என்றால் எங்களுக்குத் துவைப்பது மட்டும்தான். "நாலாவது மாடிய வெளுத்தாச்சா?" என்று கேட்டால் நாலாவது மாடிப் படுக்கை விரிப்புகள். "டாக்டர வெளுத்துட்டு சாப்பிட வர்றேன்" என்றால் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு. வெளி உலகத்தில் அந்த வார்த்தைக்கு அடி உதை என்றும் ஒரு பொருள் இருப்பது எங்களுக்கு மறந்தே போய்விட்டது. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

இல்லை, அதற்கும் முன்னால் சிட்டு. எங்கள் கூடத்தில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள், குருவி மாதிரி துறுதுறுவென்று இருப்பாள். அந்த இயந்திரம் நீராவியில் துணியை அழுத்தி எடுக்கும். அதன் கதவுப் பூட்டு கெட்டுப்போய் வெகுநாளாகக் கம்பியால் கட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் கம்பி அறுந்து, நீராவி சிட்டுவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை அடித்துவிட்டது. மூன்றாவது மாடியில் அவளுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் முதல் மாடி ஆபீஸில் அவளை வேலையை விட்டுத் தூக்கினார்கள். கவனக்குறைவாம். ஒரே கட்டிடத்தில் இரண்டு வைத்தியமும் பார்த்தாகிவிட்டது. அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். வெந்த கையோடு வேறு எங்கே போய் வேலை கேட்பாள்?

நீலம் அன்று அலசிக்கொண்டிருந்த தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன். என் பின்னால் மொத்தக் கூடமும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தோம். சிட்டுவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், பூட்டை மாற்ற வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வந்து உட்கார்ந்தால் யார் பார்க்கிறார்கள்? ஆம்புலன்ஸ் வரும்போது நாங்களே எழுந்து வழிவிட்டு, மறுபடி உட்கார்ந்தோம். அமைதியாக இருந்ததால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு சேனல்காரன் மைக்கோடு வந்தான். பச்சைப்பிள்ளை முகம். மைக் தம்பி என்று பெயர் வைத்தோம்.

"நாளைக்கு உங்க திட்டம் என்னம்மா?" என்று நீலத்திடம் கேட்டான்.

அதற்குள் மாடியில் அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருந்தது. நோயாளிகள் கறைபட்ட விரிப்பில் படுத்துக் கிடப்பதை நினைத்து அவளுக்குத் தூக்கமே இல்லை. உள்ளே எந்த இயந்திரத்தையும் தொடமாட்டோம், ஆனால் வாசலிலேயே தொட்டி போட்டுக் கையால் துவைத்துக் கொடுப்போம் என்று காலையில்தான் முடிவு செய்திருந்தோம். அதைத்தான் அவள் சொன்னாள்:

"நாளைக்குக் காலைல எல்லாரும் வர்றோம் தம்பி. இந்த வாசல்லயே வெச்சு ஒண்ணு விடாம வெளுத்து எடுத்துருவோம். டாக்டர்லருந்து ஆரம்பிச்சு வார்டு வரைக்கும். பாவம், நோயாளிங்க எத்தன நாள்தான் அழுக்குல கெடப்பாங்க?"

கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். மீதியைச் சாயங்காலம் முழுக்க ஓட்டினார்கள். 'டாக்டரிலிருந்து ஆரம்பித்து வெளுப்போம்: பெண் பகிரங்க மிரட்டல்.' அதற்குத்தான் அந்தச் சிவப்பு வட்டம்.

பிறகு நாலு பேரை நாலு கட்டத்தில் உட்கார வைத்து விவாதம். போராட்டம் என்றாவது அமைதியாக நடக்குமா என்பது தலைப்பு. "கூட்டம் கூடினாலே வன்முறைதான் சார், அளவுதான் வேற" என்றார் டை கட்டியவர். அப்படி இல்லை என்றவர் மேசையை ஓங்கிக் குத்தினார். அமைதியைப் பற்றி அந்த நாலு பேரும் போட்ட சண்டையில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. நான் சேனலுக்கு போன் போட்டு, எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று விளக்கினேன். கொஞ்சம் சத்தமாகத்தான் விளக்கினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பெண் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் திரையின் கீழே ஒரு செய்தி ஓடியது. மிரட்டுகிறவர்களோடு பேச்சு இல்லையாம். சிட்டுவின் வேலைநீக்கத்தை நாளைக் காலை நிர்வாகக் குழு கூடி உறுதி செய்யுமாம். உறுதி செய்துவிட்டால் அப்புறம் யார் காலில் விழுந்தாலும் நடக்காது.

சிட்டு கட்டுப் போட்ட கைகளோடு ஓடிவந்தாள். "எனக்காக நீங்க யாரும் ஜெயிலுக்குப் போக வேணாம்க்கா. போலீஸ் நிக்கப்போகுது. நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

"இந்தக் கையோட என்னத்தப் பாத்துப்ப?" என்றாள் நீலம். அவள் அப்படிக் கடுப்பாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் சொன்னது சொன்னதுதான். நாளைக்கு வெளுக்கறோம். அவங்க கேமராவோட வரட்டும், நல்லாப் பாக்கட்டும்."

"ஒரு கல்லு விழுந்தாப் போதும் நீலம், நீ போட்டதுன்னுதான் சொல்லுவான்" என்றார் அவள் அண்ணன், என் வீட்டுக்காரர்.

"விழாது அண்ணா. விழுந்தாலும் திரும்பிப் போகாது."

என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

காலையில் போனால் வாசலில் போலீஸ் வண்டி, தலைக்கவசம், கேடயம். ஒரு சேனலுக்கு ஐந்து சேனல் வந்திருந்தது. ஒரு வாரமாக ஈ எறும்பு எட்டிப் பார்க்காத இடத்தில் திருவிழாக் கூட்டம். நாங்கள் பாட்டுக்குத் தொட்டிகளை இறக்கினோம். சோப்பு, பிரஷ், கயிறு, கம்பு. சிட்டுவுக்கு வாசலுக்குள் வரத் தடை என்பதால் எதிர்ச் சாரியில் நின்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா நேராக நீலத்திடம் வந்தார். "கம்பு எதுக்கு?"

"கொடி கட்டறதுக்கு மேடம். துணி காயணுமில்ல."

"எந்தத் துணி?"

நீலம் உள்ளே கைகாட்டினாள். சொல்லி வைத்தபடி வார்டு ஆயாக்கள் அழுக்குத் துணி வண்டிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் வண்டி டாக்டர் கோட்டு. இன்ஸ்பெக்டரம்மா கோட்டைப் பார்த்தார், நீலத்தின் விரல்களைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. "வழிய மறிக்காமத் துவைங்க" என்று ஒதுங்கி நின்றார்.

துவைத்தோம். எனக்குப் பக்கத்தில் மைக் தம்பி காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நேரலையில் நின்றான். ஸ்டூடியோவிலிருந்து அவனிடம் கேட்ட கேள்வி அப்போது எங்களுக்குக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியின் வரவேற்புக் கூடத்துத் திரையில் ஊருக்கே கேட்டது.

"எத்தனை பேருக்கு அடி?"

"அடி யாருக்கும் இல்ல சார். துவைக்கிறாங்க."

"யாரைத் துவைக்கிறாங்க?"

"துணிய சார். துணியத் துவைக்கிறாங்க."

உள்ளே காத்திருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்தார்கள். கூடமே குலுங்கிச் சிரித்தது. திரையில் 'பதற்றம்' என்று சிவப்பு எழுத்து, அதற்கு மேலே ஒரு பெண் தலையணை உறையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் கல் வந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எவனோ, எங்களில் யாருக்கும் தெரியாத, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக்காரன், "அடிங்கடி, உடைங்கடி" என்று கத்திக்கொண்டே வீசினான். என் தோளில் பட்டது. வலியில் உயிர் போனது. கையில் கம்பு இருந்தது. அத்தனை கேமராவும் சடக்கென்று என் பக்கம் திரும்பியது. அவன் மண்டையைப் பிளக்கத்தான் கம்பை ஓங்கினேன். அதில் எனக்கு இன்றும் வெட்கம் ஒன்றுமில்லை, கல் பட்டது என் தோள்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் நீலம் இரண்டு கையையும் விரித்துக் கீழே தாழ்த்தினாள்.

என் கை நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை, பழகின கை, அதுவே நின்றது. எழுந்து அவன்மேல் பாயப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. நேரலை என்பதால் ஒருவராலும் வெட்ட முடியவில்லை. ஊர் முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது: ஓங்கிய கம்பு, அசையாத பெண்கள், ஓடப் பார்த்த ஒரே ஒரு ஆள், அவன் சட்டைக் காலரில் இன்ஸ்பெக்டரம்மாவின் கை.

நீலம் நடந்து வந்து என் கையிலிருந்த கம்பை வாங்கித் தரையில் ஊன்றினாள். "கொடிக்கு ஒண்ணு கொறஞ்சுது அண்ணி" என்றாள். பிறகு என் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோவம் வரலயாடி உனக்கு?" என்று கேட்டேன்.

"உடம்பெல்லாம் பத்தி எரியுது அண்ணி. அவனுக்காக சிட்டுவ விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே வைக்கவில்லை. வரவேற்புக் கூடத்தில் இருந்தவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டுக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் என்னோடு விரிப்பின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். முறுக்கத் தெரியவில்லை, என்னையே முறுக்கிவிட்டார். கேடயத்தோடு நின்ற போலீஸ்காரர் ஒருவர் கொடிக் கயிறு தொய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்து இழுத்துக் கட்டினார். தெருக்கோடி வரைக்கும் வெள்ளை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டன. பதற்றம் என்ற சிவப்பு எழுத்தை எப்போது எடுத்தார்கள் என்று தெரியாது. மைக் தம்பி முழுக்கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளி தூக்கினான். "நேத்து வெட்டினது நான் இல்லம்மா, ஆபீஸ்ல" என்று நீலத்திடம் முனகினான். "வெட்டாததக் காட்டினதும் நீதானப்பா, தண்ணிய ஊத்து" என்றாள் அவள்.

மாடி ஜன்னலில் நிர்வாகக் குழுவினர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கீழே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"பூட்டு இன்னிக்கே மாத்தறோம்" என்றார். "மாத்தற வரைக்கும் அந்த மெஷின் ஓடாது. அந்தப் பொண்ணையும் திரும்ப எடுத்துக்கறோம். கை ஆறற வரைக்கும் சம்பளத்தோட லீவு. போதுமா? எல்லாரும் உள்ள வாங்க."

நாங்கள் கூச்சல் போட வாயைத் திறந்தோம். நீலம் திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டோம்.

"கவனக்குறைவுன்னு ஊரறியச் சொன்னீங்க சார். கூப்புடறதையும் ஊரறியக் கூப்புடுங்க."

"எப்படிக் கூப்புடறது?"

"டாக்டருங்கள எப்படிக் கூப்புடுவீங்க?"

மேனேஜர் திரும்பி உள்ளே போனார்.

ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி கரகரத்தது. அறுவை சிகிச்சை நிபுணரை, மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறோம். அத்தனை வருஷத்தில் அடித்தளத்து ஆள் ஒருவரைக்கூட அது கூப்பிட்டதில்லை. எல்லா மாடிக்கும், வாசலுக்கும், தெருவுக்கும் கேட்கும்படி சொன்னது: "பிரஸ் மெஷின் ஆபரேட்டர், சலவைக்கூடத்துக்கு வரவும். பிரஸ் மெஷின் ஆபரேட்டர், சலவைக்கூடத்துக்கு வரவும்."

எதிர்ச் சாரியில் சிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு உறைக்கவில்லை. "உன்னத்தாண்டி" என்று நான் கத்தினேன். அவள் இரண்டு கட்டுக் கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். தொங்கின விரிப்புகளை நாங்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பிடித்தோம். அதுவரை அவளை உள்ளே விடாத வாட்ச்மேன் எழுந்து, சின்னக் கதவை விட்டுவிட்டுப் பெரிய கேட்டையே திறந்தார்.