கார்ஸீட்டில் காத்திருந்த ஓட்டு

அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகர டீக்கடையில் சனிக்கிழமைதோறும் ஒருவரைப் பார்ப்பேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அதிபர் தேர்தல் பேச்சு வந்தால் டீயை ஆறவிட்டு, மேசைமேல் விரலால் மாநிலம் மாநிலமாகத் தாண்டிப்போவார்.

“அந்த ஆள் ஆட்சியில வேலை பெருகுச்சுங்கறீங்க. முட்டை விலையும்தானே பெருகுச்சு? டெக்சாஸைத் தாண்டி ஜெயிக்க மாட்டாரு, பாருங்க.”

“அப்ப உங்க ஓட்டு யாருக்குண்ணே?” என்று சீண்டினேன்.

விரல் ஏதோ ஒரு மாநிலத்தில் நின்றுவிட்டது. “எனக்கேதுங்க ஓட்டு? கிரீன் கார்டுக்கே இன்னும் லைன்ல நிக்கறேன். பொண்ணு இங்க பொறந்தவ, இப்பதான் முதல் ஓட்டு. அவகிட்ட பேசறதுக்குத்தான் உங்ககிட்ட பேசிப் பழகறேன்.”

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை வந்தார். ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கர் அவர் சட்டையில் ஒட்டியிருந்தது.

“என்னண்ணே இது?”

“இங்கதான் தேர்தல் நாளுக்கு முன்னாடியே போடலாமே, நேத்து பொண்ணு ஓட்டுப் போடப் போனா. நான் கார்லயே உக்காந்திருந்தேன். வெளிய வந்து எனக்கு ஒட்டிவிட்டா.”

“யாருக்குப் போட்டாளாம்?”

“‘நாட் டெல்லிங் யூ, அப்பா’ன்னுட்டா.”

அன்று அவர் யார் ஜெயிப்பார் என்றே பேசவில்லை. ஓரம் உரியும் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, டீயைச் சூடாகக் குடித்தார்.

அந்தச் சட்டையை எப்படித் துவைத்திருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.