காதர் அண்ணே சொன்ன "சாலா சாயா"

காதர் அண்ணே மௌத்தாகிவிட்டார். காலையில் வாட்ஸ்ஆப்பில் மரணச் செய்தி... கையிலிருந்த கோப்பி ஆறிப்போனது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஃபார்வர்டிங் ஆபீஸ். ஏற்றுமதிச் சரக்குக்குப் பேப்பர் தயார் செய்வது வேலை. அண்ணே சீனியர் கிளார்க். அப்போது நான் சுங்கை பாக்காப் ஊரிலிருந்து வந்த புதுசு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"மெதுவா லா தங்கச்சி, கப்பல் ஓடிடாது" என்பார். ஓடிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

பாலேக் பூலாவ் விவசாயிகள் சிலர் சேர்ந்து முதல் தடவையாகத் துபாய்க்குச் சரக்கு அனுப்பினார்கள். கப்பல் வாடகையே அரசாங்க ஏற்றுமதி உதவியில்தான். குறித்த கப்பலில் போகாவிட்டால் உதவி ரத்து.

என்ன சரக்கு என்று போனில் கேட்டேன். லோரி டிரைவர் "பாலா, பாலா" என்றார். மலாயில் அது ஜாதிக்காய். என் தமிழ்க் காதில் விழுந்தது பலா... ஃபாரம் முழுக்கப் பலாப்பழம் என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

பலாவுக்கு மலாயில் நங்கா என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் புத்தி எங்கே போனதோ.

வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தால் ஜாதிக்காய். சரக்கை நிறுத்திவிட்டார்கள். கப்பல் அன்று மாலையே. ஜும்ஆத் தொழுகைக்குச் சுங்கக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

அண்ணே என்னைக் கெரேத்தாவில் ஏற்றிக்கொண்டு காரைப் பறக்கவிட்டார். துறைமுகத்துக்குப் போகும் பாலத்தில் ஜாம். நான் அழுதேன்.

"இப்ப அழாத லா. வேலை போச்சுன்னா அப்புறம் அழுதுக்கலாம்."

போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடப் பத்து நிமிடம். அதிகாரி கேட்ட முதல் கேள்வி, இதை எழுதியது யார்?

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணே சொன்னார், "சாலா சாயா." என் தப்பு.

திருத்தி, முத்திரை வாங்கினோம். ஜாதிக்காய் கப்பலேறியது. விவசாயிகளின் உதவிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை முதலாளி அண்ணேயைப் பட்டர்வொர்த் கிடங்குக்கு மாற்றினார். வெயிலில் நின்று பெட்டி சரிபார்க்கும் வேலை. அவருடைய மேசையை எனக்குக் கொடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்... ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பிறகு எங்கே பார்த்தாலும் "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்டார். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

இன்று ஜனாசாவைத் தூக்கும் முன் அவர் மகன் எழுந்து நின்றான். "எங்க அத்தா யாருக்காச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க."

எல்லாரும் மன்னித்துவிட்டோம் என்றார்கள். நானும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆபீசில் இருந்தவர்கள் பலர் என்னுடைய இந்தப் பக்கத்தில் நண்பர்களாக இருக்கிறீர்கள். அந்த ஃபாரத்தை அடித்தது நான். அண்ணே இல்லை.

மன்னிச்சிருங்க அண்ணே.